கிழக்கேகோட்டையில் கழன்ற தோள்

12-8-1974, திங்கள்

வெட்கக்கேடுதான், எழுதித் தொலைக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக ஒருவனை அடிக்கக் கையை வீசினேன். அடி அவன்மேல் படவில்லை. என் வலது தோள்தான் கழன்றது.

கிழக்கேகோட்டை பஸ் வரிசையில் அவன் எனக்கு முன்னால் நுழைந்தான். நான் வீசியதும் குனிந்துவிட்டான். தரையில் கிடந்து அலறினேன். தோள் இருந்த இடத்தில் குழி. அவன் ஓடவில்லை. "அண்ணாச்சி, நான் தம்பானூர்ல வர்ம ஆசானாக்கும். கைய விறைக்காதீரும், மூச்ச விடும்" என்று செருப்பைக் கழற்றினான். என் அக்குளில் குதிகாலை ஊன்றி, கையைப் பிடித்து மெல்ல, விடாமல் இழுத்தான். நான் போட்ட கூச்சல் பத்மநாப சுவாமிக்கே கேட்டிருக்கும். 'டொக்' என்றது. வலி போய்விட்டது.

அதற்குள் "எடா, ஆளெக் கொல்லுன்னடா" என்று, அவன் என்னைக் கொல்வதாக நினைத்து, கூட்டம் பாய்ந்து அவனை மொத்தியது. உதடு கிழிந்தது, ஒரு பல்லும் போயிற்று. ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, "மூணு வாரம் கைய நெஞ்சோட கெட்டி வையும். தூக்கினா திரும்பவும் கழலும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

துண்டால் கையைக் கட்டிவிட்ட மனைவி, "நாளைக்கே தம்பானூர் போயி அவர்ட்ட மன்னிப்புக் கேளுங்க. ஊர்க்காரன் அடிச்சதுக்கு நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. கூட்டம் வந்து சேருமுன்பே நான் எழுந்து, வரிசைக் கோபம் தீராமல், அவன் சரிசெய்து தந்த அதே கையால் ஒரு குத்து விட்டிருந்தேன். பல் போனது அதில்தான்.