பதினொன்றாவது வரியில் மேயர்

செப்டம்பர் 9, செவ்வாய்

பள்ளி நிதி திரட்ட வைத்திருந்த நாற்பது பிளாஸ்டிக் பூநாரைகளை மேயர் ராய் ப்ரூசோ வீட்டுப் புல்வெளியில் நட்டுவைத்ததற்காக, இரண்டு நாள் வகுப்பு முடிந்தும் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு சீட்டு. அம்மா கையெழுத்தை நானே போட்டேன். மூன்று வருடப் பழக்கம். அம்மாவைவிட நன்றாகவே போடுவேன்.

மாலையில் அம்மா வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "மூடிட்டாங்க."

ஊரின் ஒரே ஆம்புலன்ஸ். ஊர் மன்றத்தில் மூடச்சொல்லி நான்கு வாக்கு, வேண்டாமென்று மூன்று. நான்காவது வாக்கு மேயருடையது. இனி மாவட்டத் தலைநகரிலிருந்துதான் வண்டி வரும். நாற்பத்தேழு மைல். பனி கொட்டினால்? அம்மா அந்த வண்டியைப் பதினொரு வருடம் ஓட்டியவள்.

"மேயர்னு பேர் வெச்சா மேயத்தானே செய்வார்" என்றேன். சிரிக்கவில்லை. இதற்கே சிரிக்கவில்லை என்றால் நிலைமை மோசம்.

செப்டம்பர் 20, சனி

மேயரைப் பதவியிலிருந்து இறக்கும் மனு தொடங்கிவிட்டது. அறுபது நாளில் 412 கையெழுத்து சேர்ந்தால் ஊர் மறுபடி வாக்களிக்கும். மேயர் வீட்டுக்குப் போவார், வண்டி திரும்பி வரும். ஒரு தாளுக்குப் பன்னிரண்டு வரி. பின்பக்கம் ஓர் உறுதிமொழி: 'இதிலுள்ள ஒவ்வொரு கையெழுத்தும் என் கண் முன்னே போடப்பட்டது.' அதன் கீழே, தாளைக் கொண்டுபோனவர் கையெழுத்திட வேண்டும்.

முதல் வரி பக்கத்து வீட்டு ரெய்னோ மாமாவுடையது. முப்பது வருடம் சுரங்கத்தில். இப்போது மூக்கில் குழாய், பின்னால் உருண்டுவரும் ஆக்சிஜன் சிலிண்டர். போன குளிர்காலத்தில் மட்டும் அம்மா அவரை மூன்று தடவை ஏற்றிப்போனாள்.

"கொடு மாரிட். மூச்சு என்னுது, முதல் கையெழுத்தும் என்னுதா இருக்கட்டும்" என்று அம்மாவிடம் கை நீட்டினார்.

"மெதுவா மாமா, மூச்சு வாங்குது பாருங்க" என்றேன்.

"போடீ வாலு. உன்னைப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது."

அக்டோபர் 3, வெள்ளி

தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அம்மா கதவோரம் மேசை போட்டிருந்தாள். பத்து வரி நிரம்பியபோது உள்ளே யாருக்கோ தொண்டையில் முள் சிக்கிவிட்டது. அம்மா எழுந்து ஓடினாள்.

"கைசா, நான் வர்ற வரைக்கும் யாரையும் தாளைத் தொட விடாதே!"

யாரையும் விடவில்லை. என்னைத் தவிர.

மேயரின் கையெழுத்து எனக்கு மனப்பாடம். வருடாவருடம் ஹாக்கிச் சான்றிதழில் பார்ப்பதுதானே. பதினொன்றாவது வரி: ராய் ப்ரூசோ, முகவரி ஊர் மன்றம். முதலெழுத்தின் வால்கூட அச்சு அசல். மேயருக்கே மேயரைப் பிடிக்கவில்லை! அம்மா பார்ப்பாள், திட்டுவாள், சிரித்துக்கொண்டே அந்த வரியைக் கோடு போட்டு அடிப்பாள்.

அம்மா வந்தாள். கூட்டம் நெருக்கியது. அடுத்தவர் பன்னிரண்டாவது வரியில் போட்டதும் தாளைத் திருப்பி உறுதிமொழியில் கையெழுத்திட்டாள். பார்க்கவே இல்லை. சரி, நாளைக்குப் பார்ப்பாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கடைசி நாள். 447! ஊர் மன்றத்துக்குப் போகும் வழியெல்லாம் அம்மா பாடிக்கொண்டே ஓட்டினாள். செப்டம்பருக்குப் பிறகு இன்றுதான் பாடுகிறாள். பெட்டி என் மடியில் இருந்தது. அப்போதுதான் பதினொன்றாவது வரி ஞாபகம் வந்தது.

ஒரு கோடு போதும். வாயைத் திறந்து சொன்னால் போதும். சொன்னால் பாட்டு நிற்கும்.

ஒன்று போனால் என்ன, 446 இருக்கிறதே — இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 26, புதன்

நாளை நன்றி நாள். விருந்துக்கு வாங்கிய உறைந்த வான்கோழி தொட்டித் தண்ணீரில் இளகிக்கொண்டிருந்தது. மன்ற எழுத்தர் லோரெய்ன் போன் செய்து அம்மாவை வரச்சொன்னார். நானும் கூடப் போனேன்.

தாளை மேசையில் வைத்தார். "மாரிட், இந்தப் பதினொண்ணாவது வரி தன்னோடது இல்லைன்னு மேயர் சொல்றார். உன் கண் முன்னாடி போட்டதா நீ சத்தியம் பண்ணியிருக்க. ஒரு தாள்ல சத்தியம் பொய்யாப் போச்சுன்னா நீ கையெழுத்து வாங்கின எல்லாத் தாளும் தள்ளுபடி. சட்டம் அப்படி."

அம்மா வாங்கிய கையெழுத்து 61. மற்றவர்கள் வாங்கிய மீதி 386. இருபத்தாறு குறைகிறது. புதிதாக வாங்க நாளும் இல்லை.

"யார் போட்டது?"

அம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்டுபிடித்துவிட்டாள்.

"நான்தான்" என்றாள் அம்மா.

"யோசிச்சுப் பேசு. இது வழக்காகும். உன் உரிமமே போயிடும். அப்புறம் எந்த ஆம்புலன்ஸ்லயும் ஏற முடியாது."

"நான்தான்னு சொல்றேன்ல."

ஏம்மா? ஏன் அப்படிச் சொன்னே? நான் ஏன் அங்கேயே கத்தலை? கையெழுத்து போட்டது நான். தலையெழுத்து உனக்கா?

டிசம்பர் 1, திங்கள்

வகுப்புக்குப் போகாமல் ஊர் மன்றம் போனேன். மேயரும் இருந்தார். சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று, வெற்றுத்தாள் கேட்டு வாங்கி அவர் கையெழுத்தை ஐந்து தடவை போட்டுக்காட்டினேன்.

மேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடிப்பாவி! என் பேங்க்காரனே ஏமாந்துடுவான்." தோள் குலுங்கச் சிரித்தார். "லோரெய்ன், வழக்கெல்லாம் வேண்டாம். சின்னப் பொண்ணு. மாரிட் பேர்ல எதையும் எழுதிடாதே."

"அப்ப அந்த அறுபத்தொண்ணு?" என்று கேட்டேன்.

"அது சட்டம்மா" என்றார். மென்மையாகத்தான் சொன்னார். கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள், ஆறு பேருக்கு ஆகும் அளவு. வீட்டில் இரண்டே பேர்.

டிசம்பர் 13, சனி

ஆம்புலன்ஸ் விலைபோய்விட்டது. வாங்கியவர்கள் வருமுன் அம்மா அதை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். துடைத்த துணி அவள் கையிலேயே விறைத்துப்போனது.

ஜனவரி 10, சனி

ரெய்னோ மாமா ஊரை விட்டுப் போய்விட்டார். நகரத்தில் மகள் வீடு, எதிரிலேயே ஆஸ்பத்திரி. சிலிண்டரை நான்தான் காரில் ஏற்றிவைத்தேன்.

"மீன் வறுவல் அன்னிக்கு நீ எழுதினதை நான் பாத்தேன்டீ. பக்கத்துலதானே உக்காந்து தின்னுட்டிருந்தேன்."

"அப்ப ஏன் மாமா சொல்லலை?"

"சிரிப்பு வந்துடுச்சு." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "அன்னிக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு."

ஜனவரி 28, புதன்

அம்மாவுக்கு மாவட்டத் தலைநகர ஆம்புலன்ஸில் வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் அங்கேயே தங்கல். எங்கள் ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் நாற்பத்தேழு மைல் ஓட்டிக்கொண்டு வருவாள்.

கோடையில் இன்னொரு மனு போடலாமாம். ஆனால் பேச்செடுத்தாலே ஊர் கேட்கிறது: "இந்தத் தடவையும் மேயர் போடுவாரா?" கேட்டுவிட்டுச் சிரிக்கிறது. நான் அடித்த ஜோக்குகளில் இதுதான் அதிக நாள் ஓடுகிறது.

பள்ளியில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். பெற்றோர் கையெழுத்து, நாளைக்குள். அம்மா சனிக்கிழமைதான் வருவாள். தாமதமாகும் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "நீயா சொல்றே?" என்றார்.

சீட்டை உப்புக்குப்பியின் அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பேனா. மூடியைத் திறக்கவில்லை.