புளியில் ஊறிய கிரேக்கக் காசு

என் ஆசை அண்ணைக்கு,

கோபப்படாமல் வாசியுங்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை. என்னை ஏசுவதற்கு இப்போது இங்கே யார் இருக்கிறார்கள்?

போன கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருசம். அதற்காகக் குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டு மினுக்கினேன். உங்கள் மேசையில், நீங்கள் எப்போதும் கையில் வைத்துப் பார்க்கிற அந்தப் பழைய கிரேக்க வெண்கலக் காசு களிம்பு பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. ஐயோ, அண்ணையின்ரை சாமான் இப்படிக் கிடக்கலாமா என்று அதையும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பி நாரால் நன்றாகத் தேய்த்தேன். தகதகவென்று வந்தது. உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துப் பெருமைப்பட்டேன், மடைச்சி.

பிறகுதான் பார்த்தேன். ஒரு பக்கம் உரோமச் சக்கரவர்த்தியின் தலை இல்லை. மறுபக்கம் கிரேக்க எழுத்தும் இல்லை, காதலியிடம் போகக் கடலில் நீந்துகிறவனும் இல்லை, கோபுரத்தில் அவனுக்கு விளக்குப் பிடிக்கிறவளும் இல்லை. பழங்காசு விற்கிற ஒருவரிடம் ஓடினேன். களிம்பில்தான் உருவமே இருந்தது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று கையை விரித்துவிட்டார்.

"கிரேக்க ஊரை ஆளுற உரோமன்ரை தலை ஒரு பக்கம், அந்த ஊர்க்கதை மற்றப் பக்கம், பாத்தியே!" என்று எத்தனை தரம் அதை என்னிடம் நீட்டியிருப்பீர்கள்? "சோறு ஆறுது, வாங்கோ அண்ணை" என்பேன். அந்தக் கதையை இணையத்தில் தேடி எடுக்கலாம். அந்த நீச்சல்காரனைப் பார்த்து நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் சிரித்தீர்கள் என்று எங்கே போய்த் தேடுவேன்?

திவசத்தன்று நகரத்தின் மறு கோடியில் இருக்கிற ஸ்ட்ரெதமிலிருந்து உங்கள் மகள் வந்தாள். ஆஸ்பத்திரியில் நீங்கள் அந்தக் காசைக் கைக்குள் பொத்தி வைத்திருந்ததைத்தான் அவள் கண்டிருக்கிறாள், கிட்டப் பார்த்ததில்லை. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, அப்பா கடைசி மாசம் முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தது இதையா? இதில ஒண்டுமே இல்லையே."

நான் குத்துவிளக்கின் திரியைத் தூண்டினேன்.

"அப்பாவுக்கு அப்பவே மூளை குழம்பிட்டுதா மாமி?"

"தேத்தண்ணி குடிக்கிறியா பிள்ளை?" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறாள். சத்தியமாகச் சொல்லிவிடுவேன். அப்பா வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அதில் ஒருவன் நீந்திக்கொண்டிருந்தான், அவனைத் தேய்த்து அழித்தது மாமிதான் என்று. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்காவிட்டால் விடட்டும். உங்களை அப்படி நினைத்துக்கொண்டு அவள் இருக்கக் கூடாது.

எட்மண்டனிலிருந்து,
உங்கள் ஒரே தங்கச்சி