பின்புறத்தில் எழுதிய ஊர்ப்பெயர்

மார்ச் 4
கப்பலின் பின்புறத்தில் அது பதிவாகியிருந்த பழைய துறைமுகத்தின் பெயரை அழித்துப் புதுத் துறைமுகத்தின் பெயரை எழுதினேன். தொங்குபலகையில் உட்கார்ந்து, ஒரு கோடு பிசகாமல். கேப்டனே படகில் வந்து பார்த்து அசந்துபோனார். (அவர் வேறு வேலையாகப் போனார் என்கிறான் சமையல்காரன். பொறாமை.) அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை. இனி கப்பல் அந்த நாட்டுக் கொடியில்தான் ஓடுமாம். "அப்ப நாமெல்லாம் ஃபாரின் கப்பல்காரங்கடா!" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவன், கப்பலுக்குச் சாரங்கு என்றால் சும்மாவா?

மார்ச் 5
மாப்பிள்ளையும் இதே கப்பலில்தான், எஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிறார். நான் சேர்த்துவிட்டதுதான். ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது, "கொடி மாறினா சம்பளம் மாறுமா மாமா?" என்றார். "ஏறும் மாப்ள, தாறுமாறா ஏறும்!" மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிறைமாசம் நெருங்குகிறது.

மார்ச் 11
அயோக்கியப் பயல்கள்.

மார்ச் 12
நேற்று எழுதக் கை ஓடவில்லை. கம்பெனி மேனேஜர் எங்களைப் பயணிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். கொடி மாறியதால் இந்த நாட்டுச் சட்டம் கப்பலுக்குக் கிடையாது. மாதக் கடைசியில் எல்லோரும் இறங்க வேண்டும். திரும்ப ஏறுவதென்றால் ஏஜென்ட் மூலமாக — பாதிச் சம்பளம், பத்து மாதம் வீட்டுப்பக்கம் வர முடியாது.

"கப்பல் அதேதானே? கடலும் அதேதானே? துணிதானய்யா மாறுச்சு!" என்றேன்.

"துணிதான் சார் சட்டம்" என்றான்.

நான் மேசையில் அடித்த அடியில் தட்டெல்லாம் எகிறின. சரி, ஒன்றாவது எகிறியது.

வெளியே சமையல்காரன், "நம்ம பொழப்பு மேல நீங்களே பெயின்ட் அடிச்சிட்டீங்களேண்ணே. அதையும் அழகா அடிச்சிருக்கீங்க" என்றான். அறைந்திருப்பேன். அவன் கண் கலங்கியிருந்தது.

மார்ச் 13
பெயின்ட் டப்பாவை நீட்டியவன் ஒரு வார்த்தை சொன்னானா? சொல்லியிருந்தால் பெயின்ட் அடித்திருப்பேனா? மாட்டேன். — மாட்டேனா?

மார்ச் 19
மேனேஜர் தனியாகக் கூப்பிட்டான். நான் மட்டும் இருக்கலாமாம், பழைய சம்பளமாம், புது ஆட்களைப் பழக்க வேண்டுமாம்.

"மாப்பிள்ளைக்கும் பழைய சம்பளம் குடு, இருக்கேன்."

"அது முடியாது."

"அப்ப போடா!" என்றேன். ஆமாம், டா. இதில் ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

மார்ச் 20
என் வீட்டுக்காரி கேட்கிறாள்: "ரோஷத்த வச்சு ஆஸ்பத்திரி பில்லு கட்டிடுவீங்களா?"

ஏப்ரல் 2
மாப்பிள்ளை எனக்குச் சொல்லாமல் ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாதிக்கு! பிறக்கப்போகிற பிள்ளையின் முகம்கூடப் பார்க்காமல்! கத்தினேன்.

"பாதியாவது வருதே மாமா. உங்களுக்குக் கத்த வருது, கத்துறீங்க. எனக்கு அதுவும் வரல."

இதற்கு அவர் என்னைக் கடலில் தள்ளியிருக்கலாம்.

ஏப்ரல் 9
துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கயிறு கட்டி அவிழ்க்கும் கூலி வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். நின்றுகொண்டே சாப்பாடு.

ஏப்ரல் 16
இன்று நம் கப்பல் கிளம்பியது. கயிற்றைக் கழற்றிவிட்டது நான்தான். எஞ்சின் ரூம் ஆட்கள் அந்த நேரத்தில் மேலே வர முடியாது. தெரிந்தும் மேல்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே மகள், "அவரப் பாத்தீங்களாப்பா?" என்றாள்.

"பாத்தேனே! கை காட்டினாரும்மா."

"நெசமாவா?"

"ரெண்டு கையாலயும்."