ஆளுக்கு ஒரு மடக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

அன்று போனில் உன் தங்கை வாலு என்ன செய்கிறாள் என்று நீ கேட்டதற்குத் தூங்குகிறாள் என்றேன். வலிப்பு வந்து மயங்கிக் கிடக்கிறாள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரீட்சையை விட்டுவிட்டு ரயிலேறியிருப்பாய். நாங்கள் இங்கே இருக்கிறோம், ஆனால் சுகம் என்று மட்டும் எழுதக் கை வரவில்லை. நீ நலமாக இரு, இங்கே பாதி பலம் அதுதான்.

வெந்நீர் கொட்டிய புண்ணைப் பற்றியே எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம், மார்பும் தோளும் ஆறிவருகின்றன என்று டாக்டர் சொன்னதும் உன் அப்பா வார்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார், தலைக்குள் ஒன்று நடக்கும் என்று யார் கண்டது. உடம்பு வெந்த பிள்ளைக்குத் தாகம் அடங்குவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நர்ஸ் அளந்து கொடுப்பார், வேறு எதுவும் கூடாது என்று கண்டிப்பு. வாலு அதைத் துப்பிவிட்டு வெறும் தண்ணீருக்குக் கெஞ்சுவாள். ஒரு மடக்குதானே என்று அத்தை கொடுத்திருக்கிறார். சித்தப்பா சட்டைக்குள் பாட்டிலை மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அப்பாவும். நானும். தான் மட்டும்தான் மனம் இளகிவிட்டதாக ஒவ்வொருவருக்கும் நினைப்பு. அந்தக் கள்ளியும் ஒருவரிடம் குடித்ததை இன்னொருவரிடம் மூச்சு விடவில்லை.

முதலில் தலை வலிக்கிறது என்றாள், பேச்சு குழறியது, என்னை டீச்சர் என்று கூப்பிட்டாள். மருந்து மயக்கம் என்றார் அத்தை. பிறகு கண் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. வெறும் தண்ணீர் அதிகமாகி ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது, மூளை வீங்கியிருக்கிறது என்றார்கள். யார் தண்ணீர் கொடுத்தது என்று டாக்டர் கேட்க, நான்கு பேரும் ஒரே குரலாக நான்தான் என்றோம். “புள்ளைக்குக் குடுத்தீங்களா, செடிக்கு ஊத்துனீங்களா?” என்றார் நர்ஸ். யாருக்கும் கோபம்கூட வரவில்லை.

உப்பை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம், அவசரப்பட்டால் அதுவும் மூளைக்குக் கெடுதல். பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர், ஞாபகமும் பேச்சும் எப்படி என்பது விழித்த பிறகுதான் தெரியும் என்றும் சொல்கிறார். அதுதான் என்னை நாற்காலியில் இருக்கவிடவில்லை. வராந்தாவில் நடக்கிறேன், ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், புத்தகத்தை எடுத்தால் ஒரே வரியிலேயே நிற்கிறேன். அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, போன் செய்தால் அவரை ஒன்றும் கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் பற்றிக் கண்டதையும் தேடிப் படிக்காதே, நான் படித்ததே நம் இருவருக்கும் போதும்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது கடைசிப் பரீட்சைதான் மிச்சமிருக்கும்; அது முடிந்ததும் வா, அதற்கு முன் வேண்டாம். ஒரு குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், கண்ணே.

உன் அம்மா

பி.கு. கவரை ஒட்டுவதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். கண் விழித்துவிட்டாள். என்னைத் தெரிகிறது, அப்பாவைத் தெரிகிறது. உன் படத்தைக் காட்டினேன், பிடுங்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். இது யார் என்று கேட்டேன். உதடு அசைந்தது. அக்கா என்ற சொல் வரவில்லை.