கார்டில் கற்பூரம் இல்லை

முத்தியாலம்மன் துணை

தாசரஹள்ளி, பெங்களூர்
6-7-1998

தம்பி எத்திராஜுக்கு கிருஷ்ணவேணி அத்தை எழுதுவது.

நேற்று நீயும் உன்னைப் பெற்ற அண்ணியும் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு, மீந்த கேசரியைத் தெருவில் ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். ஏழு வீட்டிலும் ஒரே கேள்வி: "பையன் இன்னா வேலை?" லாரி டிரைவர் என்றேன். "இன்னா லோடு?" என்றார்கள். அது எனக்கே தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது.

என் மகள் உதயாவுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது. சிவாஜிநகர் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிற பெண், உன்னை ஒரே பார்வையில் முடிவு செய்துவிட்டாள். அவள் அப்பாவுக்கோ சொல்லவே வேண்டாம். பீன்யா பெயிண்ட் கம்பெனி ஸ்டோரில் உன் வண்டி வரும்போதெல்லாம் பார்க்கிறவர், "அவன மாதிரி டிரைவர் கெடையாது" என்று வந்து வந்து சொல்கிறார். நீ என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன், உறவிலும் குறையில்லை. பாக்கி நான் ஒருத்திதான்.

நான் ஸ்கூலுக்குப் போனவள் இல்லை. மளிகை கட்டி வந்த காகிதங்களைப் படித்தே எழுத்துக் கற்றேன். அதனால் எதுவும் எழுத்தில் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை. போனில் சொல்லாதே, எழுது. உன் டேங்கரில் என்ன இருக்கிறது? பின்னால் எதற்கு நெருப்புப் படம்?

கோலார் தங்கவயலில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, விபத்து என்று சங்கு நேரம் தப்பி ஊதினால், அரிசி களைகிற அம்மாவின் கை அப்படியே தண்ணீரில் நின்றுவிடும். அப்பா சுரங்கத்திலிருந்து ஏறி வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கை அசையும். உதயாவின் கை அப்படி நிற்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

'நீ' என்று எழுதுகிறேனே என்று நினைக்காதே. மாப்பிள்ளை ஆனால் 'நீங்கள்'. அதுவரை அண்ணன் மகன்தான்.

இப்படிக்கு,
அத்தை கிருஷ்ணவேணி


வாலாஜாபேட்டை
9-7-1998

அன்புள்ள அத்தைக்கு எத்திராஜின் வணக்கம்.

கேசரி ஏழு வீட்டுக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் இன்னொரு தட்டு வாங்கியிருப்பேன். வெட்கத்தில் போதும் என்று சொல்லித் தொலைத்தேன்.

டேங்கரில் இருப்பது டொலுவின். பெயிண்டில் கலப்பது. பெட்ரோலுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள், கோபம் சட்டென்று வரும். மணலியில் ஏற்றிப் பீன்யாவில் இறக்குகிறேன். நெருப்புப் படம் யாரையும் பயமுறுத்த அல்ல. பின்னால் வருகிறவன் வாயில் பீடியோடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க. அதன் பக்கத்தில் சரக்கின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். நான் பேச முடியாமல் கிடந்தாலும் அந்தப் போர்டு பேசும்.

இந்த லோடுக்கு வெறும் லைசென்ஸ் போதாது. மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து பாஸ் செய்தேன். வருஷா வருஷம் இன்னொரு நாள் உட்கார வேண்டும். சைலன்சரில் பொறி பறக்காமல் தடுப்பு, ஓட்டத்தில் சேரும் மின்சாரம் இறங்கத் தரையைத் தொடும் சங்கிலி, தீ அணைக்கிற சிலிண்டர் இரண்டு, நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை. கேபினில் ஸ்டவ் இல்லை, தீப்பெட்டி இல்லை. ஷெட்டில் எனக்குப் பெயர் 'சாமியார்'.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று ஒரு கார்டு எப்போதும் கேபினில் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எழுத்தில் கேட்டீர்கள் அல்லவா.

தங்கள்,
எத்திராஜ்


முத்தியாலம்மன் துணை

தாசரஹள்ளி
13-7-1998

தம்பி எத்திராஜுக்கு,

கார்டு வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தமிழையும் கன்னடத்தையும் படித்தேன். இங்கிலீஷை உதயா படித்துக் காட்டினாள். 'கசிந்தால் மண்ணைப் போடு' என்பதை ஏதோ காதல் கடிதம் மாதிரி ஏன் இரண்டு தடவை படித்தாள் என்று நான் கேட்கவில்லை. காற்று வரும் பக்கமாக நில், கூட்டத்தை விலக்கு, எல்லாம் நல்ல புத்திதான். ஆனாலும் அது மனுஷர் எழுதின காகிதம். மேலே ஒரு காவல் வேண்டும்.

அதனால் முத்தியாலம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வருகிற வெள்ளி ஆடி முதல் தேதி. அன்று தொடங்கிப் பதினொரு வெள்ளிக்கிழமை, நீ எந்த ஊரில் இருந்தாலும், பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றி வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி உடைக்க வேண்டும். பதினொன்றும் தடையில்லாமல் முடிந்தால் உதயா உனக்கு. ஒன்று தப்பினாலும் அம்மனுக்கு இஷ்டமில்லை என்று எடுத்துக்கொள்வேன். கற்பூரம், குங்குமம், எலுமிச்சை எல்லாம் பார்சலில் வருகிறது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினொரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

அத்தை கிருஷ்ணவேணி


வாலாஜாபேட்டை
18-7-1998

அன்புள்ள அத்தைக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. கற்பூரத்தை எங்கள் தபால்காரர் வாயில் பீடியோடு கொண்டுவந்து கொடுத்தார். அம்மன் காவல் அங்கேயே தொடங்கிவிட்டது.

நேற்று லோடு ஏற்றியதும் வண்டிக்குக் குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் நான்கையும் சக்கரத்தில் வைத்து நசுக்கினேன். பூசணிக்காயை ரோட்டோரமாக உடைத்தேன். நடுவில் உடைத்தால் ஸ்கூட்டர்காரன் வழுக்கி விழுவான். கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை அத்தை. இந்த வண்டிக்குப் பக்கத்தில் தீக்குச்சி உரசக் கூடாது.

அம்மா சொன்னாள்: "சுத்திட்டேன்னு எழுதிப் போட்ருடா. பெங்களூர்லருந்து வந்து பாக்கவா போறாங்க?" எழுத்தில் இருந்தால் நம்புகிறவர் நீங்கள். உங்களுக்கு எப்படிப் பொய் எழுதுவது?

தங்கள்,
எத்திராஜ்


முத்தியாலம்மன் துணை

தாசரஹள்ளி
22-7-1998

தம்பிக்கு,

பொய் எழுதாததற்குச் சந்தோஷம். அண்ணி சொன்னதை நான் மறக்கவில்லை என்று அவர்களிடம் சொல்.

கார்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பீடி கூடாது, சிகரெட் கூடாது, அடுப்பு கூடாது, வெல்டிங் கூடாது. கற்பூரம் கூடாது என்று எங்கேயும் இல்லையே? சாமி நெருப்பு நம்மைச் சுடுமா?

சரி, நானும் ஒரு படி இறங்கி வருகிறேன். லோடு இறக்கிய பிறகு காலி வண்டிக்குச் சுற்று. காலி டேங்கில் எரிய என்ன இருக்கிறது? அம்மனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உதயா என்னோடு பேசி மூன்று நாள் ஆகிறது. நேற்று அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை. அவள் அப்பா இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "சூப்பரா கீது" என்றார். இந்த வீட்டில் எல்லோரும் உன் கட்சி.

அத்தை கிருஷ்ணவேணி


வாலாஜாபேட்டை
27-7-1998

அன்புள்ள அத்தைக்கு,

கார்டு எழுதினவருக்கு முத்தியாலம்மனைத் தெரியாது போலிருக்கிறது. கற்பூரத்தைத் தனியாகச் சொல்லாமல், 'திறந்த சுடர்' என்று ஒரே வரியில் அடக்கிவிட்டார்.

காலி வண்டிதான் அத்தை இன்னும் மோசம். எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும்பும் ஆவி. டேங்க் நிறைந்திருந்தால் ஆவிக்கு இடம் கிடையாது. காலி டேங்கில் உள்ளே முழுக்க ஆவியும் காற்றும்தான். "காலிதானேப்பா" என்று சொல்லிப் பற்றவைக்கப் போன வெல்டர் ஒருவரை எனக்குத் தெரியும். உயிர் தப்பியது, இரண்டு புருவமும் போனது. லோடு இறக்கிய பிறகு நான் பத்து மடங்கு சாமியார்.

எனக்குப் பக்தி இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் நோட்டில் கட்டம் காலியாக இருப்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் உதயாவின் கை தண்ணீரில் நிற்கக் கூடாது என்று முதல் கடிதத்தில் எழுதினீர்கள். நான் கற்பூரம் ஏற்றாமல் இருப்பது அதற்காகத்தான்.

தங்கள்,
எத்திராஜ்


வாலாஜாபேட்டை
3-9-1998

அன்புள்ள அத்தைக்கு,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. பீன்யாவில் மாமாவைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறார்; உங்களைப் பற்றிக் கேட்டால் மழையைப் பற்றிப் பேசுகிறார். பெங்களூரில் இவ்வளவு மழை பெய்கிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

உடம்பு சுகம்தானா என்று ஒரு வரி போடுங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எத்திராஜ்


வாலாஜாபேட்டை
2-10-1998

அன்புள்ள அத்தைக்கு,

இதற்கும் பதில் வராது என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஆயுத பூஜையன்று நடந்ததை மாமா சொல்லியிருப்பார். என் வாயாலும் கேட்டுவிடுங்கள்.

முந்தின நாளே பீன்யாவுக்கு வர வேண்டிய லோடு. அத்திபெலே செக்போஸ்ட்டில் வரிசை நகரவே இல்லை. மறுநாள் காலை பதினொரு மணிக்குக் கம்பெனித் தெருவில் திரும்பினால், கேட் முன்னால் பூஜை. எல்லா வண்டிக்கும் வாழைக்கன்று, பத்துப் பன்னிரண்டு பூசணிக்காய், எல்லாவற்றின் மேலும் கற்பூரம் எரிகிறது. தெருமுனையிலேயே நிறுத்திவிட்டேன். எஞ்சினை அணைத்து, கட்டை வைத்து, வண்டிக்கு முன்னால் இறங்கி நின்றேன். பின்னால் ஏழெட்டு வண்டி. கொஞ்சம் முன்னால் போகச் சொல்லி, "ஸ்வல்ப முந்தெ ஹோக்ரீ!" என்று ஒரே ஹாரன்.

சூப்பர்வைசர் வெங்கடராமன் சார் ஓடி வந்தார். "இன்னா எத்திராஜ், நல்ல நாளும் அதுவுமா! உள்ள வாய்யா. சாமி நெருப்பு நம்மளச் சுடுமா?"

"சாமிக்குத் தெரியும் சார், டொலுவினுக்குத் தெரியாது" என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆபீசுக்குப் புகார் எழுதுவேன் என்றார்.

அப்போது கூட்டத்திலிருந்து பச்சைப் புடவை கட்டின ஒரு அம்மா, பூசாரி கையிலிருந்த தட்டை வாங்கினார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஏதோ சொல்லிக்கொண்டே, தெருவுக்கு மறுபக்கம் தண்ணீர்த் தொட்டிவரை நடந்தார்கள். ஆரத்தி வாங்க மொத்தக் கூட்டமும் பின்னாலேயே போனது. பூசணிக்காய்களும் போயின. எல்லாம் எரிந்து அணையும்வரை காத்திருந்து, பிறகுதான் வண்டியை உள்ளே விட்டேன். அத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. யார் பெற்ற புண்ணியமோ, நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

ஒன்று யோசித்தேன் அத்தை. கோலாரிலிருந்து தக்காளி ஏற்றும் வண்டி ஒன்றுக்கு ஆள் கேட்கிறார்கள். தக்காளிக்குத் தாராளமாகக் கற்பூரம் சுற்றலாம். நீங்கள் சம்மதித்தால் அதற்கு மாறிவிடுகிறேன்.

தங்கள்,
எத்திராஜ்


முத்தியாலம்மன் துணை

தாசரஹள்ளி
6-10-1998

அன்புள்ள மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

அது பச்சை இல்லை, மயில்கழுத்து நிறம். எரிகிற கற்பூரத்தை ஒரு மைலிலிருந்து பார்க்கிறீர்கள், மாமியார் புடவை தெரியவில்லையா? உதயாவிடம் சொல்லிக் கண் சோதிக்கச் சொல்கிறேன்.

பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். இனிப்புப் பொட்டலம் போதுமா என்று என் வழக்கப்படி தலையை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு பேர், அதில் பிள்ளைகள் பத்தொன்பது. அப்போதுதான் தெருமுனையில் உங்கள் வண்டி நின்றது. சத்தம் கேட்டுக் கொஞ்சம் முன்னால் வந்தேன். "சாமி நெருப்பு நம்மளச் சுடுமா?" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. அது நான் எழுதின வாக்கியம் மாப்பிள்ளை. நீல மையில், என் கையால். அதை இன்னொருவர் வாயில், அறுபத்திரண்டு தலைக்கு நடுவே நின்று கேட்டபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும்தான் இல்லை.

கற்பூரத்தை ஊதி அணைக்கக் கூடாது, அது பாவம். எரியவும் விடக் கூடாது. என்ன செய்வது? முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தேன். உங்கள் வண்டிப் பக்கமிருந்து காற்று, ஆவி கசிந்தால் நேராகக் கற்பூரத்துக்குத்தான் வரும். கார்டை மனப்பாடம் செய்திருந்தேனே, அதனால் காற்றுக்குக் குறுக்கே நடந்தேன். "அம்மா அந்தாண்ட வரச் சொல்றா, வாங்க வாங்க" என்று சொன்னேன். ஒரு பொய்தான். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இனி பதினொரு வெள்ளிக் கணக்கு. உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. முதல் வெள்ளியன்று நீங்கள் அங்கே சுற்றும் நேரத்தில் நானும் இங்கே சுற்ற நினைத்து, உங்கள் வண்டி நம்பரை இவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி, பலகையில் வைத்துக் கற்பூரம் காட்டினேன். பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. வண்டி மேல் வரவில்லை. அதனால் நிறுத்தவில்லை. பதினொன்றும் முடிந்தது. ஆனால் சீட்டுக்குக் காட்டியது வண்டிக்குச் சேருமா என்ற சந்தேகத்தில்தான் பேனாவை எடுக்காமல் இருந்தேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றபோது சந்தேகம் போய்விட்டது. அம்மனுக்கு நம்பர் போதும், வண்டியை அவளே தேடிக்கொள்வாள். பதினொரு கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன்.

தக்காளி வண்டியெல்லாம் வேண்டாம். நீங்கள் இறங்கினால் அந்த டிரைவர் சீட்டில் பீடி குடிக்கிறவன் ஏறி உட்காருவான். அந்தப் பத்தொன்பது பிள்ளைகளும் அடுத்த வருஷமும் அதே கேட் முன்னால்தான் நிற்கும். சூப்பர்வைசர் புகார் எழுதவில்லை. இவர் போய்ப் பேசினாராம். மழையைப் பற்றி அல்ல.

ஐப்பசி பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம், தை மாதம் கல்யாணம். அண்ணியிடம் சொல்லுங்கள். உதயா பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தத்தான் முடியவில்லை. ரசத்திலும் உப்பு இருக்கிறது.

ஒரே ஒரு கண்டிஷன். கல்யாணத்தன்று மண்டபத் தெருப் பக்கம் உங்கள் வண்டி தலை காட்டக் கூடாது. வாசலில் நான் ஆரத்தி எடுப்பேன், தட்டில் கற்பூரம் எரியும். வண்டியை ஷெட்டிலேயே விட்டுவிட்டு, டொலுவின் வாடை போகத் தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டு, பஸ்ஸில் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்
கிருஷ்ணவேணி