நான்கு நாள் கடுங்காப்பி

மாமா,

சாலவாக்கம் போகிறேன். சோறும் கீரைக் கூட்டும் மூடி வைத்திருக்கிறேன்.

வரப்புப் புல்லில் பூச்சிமருந்து பட்டிருக்கிறதே, மாட்டுக்குப் போடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. பால்ல மருந்து எங்க கீது?" என்று சொல்லி அந்தப் புல்லையே போட்டீர்கள். அன்றிலிருந்து பால் முழுவதும் சொசைட்டிக்குப் போகிறது, உங்களுக்கு மட்டும் நான்கு நாளாகக் கடுங்காப்பி. கேட்டால் உடம்பு சூடாம்!

பத்து மணிக்கு என் அண்ணன் வருவார். சொம்பில் இருப்பது நம் மாட்டுப் பால். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து நீங்களும் குடியுங்கள்.

உங்கள் மருமகள் வளர்மதி

பயந்துவிட்டீர்களா? அது பக்கத்து வீட்டுப் பால். நம்முடையதை இன்றைக்கு சொசைட்டிக்கும் ஊற்றவில்லை.

கன்றுக்குட்டிக்கும் சொம்புப் பாலையே கொடுங்கள். தாயிடம் அவிழ்த்து விட்டுவிடாதீர்கள். பாவம், அதற்குக் கடுங்காப்பி போடத் தெரியாது.