இரண்டு ஸ்க்ரூவும் கருமாதி வடையும்

நெய்வேலி,
பிளாக் 19,
மாசி 5, 1988

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் நலம் என்று பழக்கத்தில் எழுதப்போய் நிறுத்திவிட்டேன். அம்மா போனபிறகு எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான், நலமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிலாய்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா, எழுது. வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் குவார்ட்டர்சைக் காலி செய்து சித்திரையிலேயே உன்னோடு வந்துவிடச் சொல்லியிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில், முதலில் பல் சமாச்சாரம்.

வியாழக்கிழமை மெட்ராஸ் போய் உன் சிநேகிதி டாக்டரம்மாவைப் பார்த்தேன். துணைக்குப் பக்கத்து வீட்டுக் கொளஞ்சிநாதன் வந்தார். ஐப்பசியில் என் தாடை எலும்பில் இரண்டு ஸ்க்ரூ இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை அந்தப் பக்கம் மெல்லவே கூடாது, பிடித்தபிறகுதான் மேலே பல் என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா. அம்மா இருந்தவரை சாதத்தைக் குழைய வடித்துப் போட்டு, முறுக்கு டப்பாவை பீரோவில் பூட்டி வைத்தாள். இப்போது ஈறை மரக்கவைத்துத் திறந்து, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடிக் குச்சியின் காம்பால் தட்டிப் பார்த்தார்கள். ஒன்று கணீர் என்றது. இன்னொன்று மொத்தென்றது, தொட்டதும் ஆடியது. எதையாவது கடித்தீர்களா என்று கேட்டார்கள், சத்தியமாக இல்லை என்றேன். உடனே கொளஞ்சிநாதன், கருமாதி அன்னிக்கு அந்தப் பக்கமாவே வடைய மென்னுகினு இருந்தீங்களே, சொல்லலாம்னுதான் பாத்தேன், உங்க மூஞ்சியப் பாத்துட்டு வுட்டுட்டேங்க என்றார். வடை போட்டதே எனக்கு நினைவில்லை கண்ணு.

ஆடுகிறதன்மேல் பல் கட்டினால் இன்றைக்கு அழகாக இருக்கும், நிலைக்காது, ஆரம்பத்தில் அசையாமல் பிடித்ததுதான் வருஷக்கணக்கில் உழைக்கும் என்று சொல்லி டாக்டரம்மா அதைக் கழற்றிவிட்டார்கள். எலும்பில் அந்தக் குழி தூர்ந்தபிறகு வேறு போடலாமாம். கழற்றியதை வாங்கிவந்து டூல் பாக்சில் போட்டிருக்கிறேன், எந்த நட்டுக்கும் சேராது. மைன்ஸில் மோட்டாருக்கு போல்ட் ஊன்றினால், கான்கிரீட் இறுகுமுன் ஸ்விட்சில் கைவைத்தவனை நான் எப்படித் திட்டுவேன் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஃபிட்டர் சொந்த வாயில் கோட்டைவிட்டிருக்கிறேன்.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஷிப்டுக்குப் போகிறேன், வருகிறேன். மந்தாரக்குப்பத்தில் அம்மாவுக்குப் பிடித்த அகத்திக்கீரையை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், எனக்கு அதைச் சமைக்கத் தெரியாது என்பது வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வருகிறது. ஆகையால் சித்திரை வேண்டாம் பாப்பா. இப்போது என்னை எடுத்து எங்கே வைத்தாலும் ஆடத்தான் செய்வேன். கொஞ்ச மாதம் யாரும் அசைக்காமல் இப்படியே விட்டுவை. ஆவணியில் நீயே வந்து தட்டிப் பார். கணீரென்றால் ரிட்டயர் ஆகும்வரை இங்கேயே இருக்கிறேன். மொத்தென்றால் மறுபேச்சில்லாமல் உன்னோடு ரயில் ஏறிவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். முருகன் துணையில் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அம்மாவை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்காதே. உனக்கு எல்லாம் சொந்தப் பல், நன்றாக மென்று சாப்பிடு.

உன் அப்பா,
மருதாசலம்